அரிசோனா பாலைவனத்து இடிமேகங்கள்: எங்கே நின்று, எப்படி எடுப்பது

நீங்கள் பீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் குடியிருக்கிறீர்கள். ஜூலை மாலைகளில் பாலைவனத்தின் மேல் திரளும் இடிமேகங்களை 16-35 மி.மீ. லென்ஸில் எடுக்கிறீர்கள். நேரில் அத்தனை மிரட்டலாக நின்ற மேகம் படத்தில் அழுக்குச் சாம்பலாகத் தட்டையாகிவிடுகிறது, தரை இருண்டு போகிறது. இதற்கு ஃபில்டர் வாங்குவதா, கேமராவையே மாற்றுவதா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, கண் கண்ட மேகத்தின் வடிவம் ஏன் படத்தில் ஏறவில்லை என்பது. நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் கேமராவில் குறை இல்லை. மேகத்துக்கு அடியிலோ, அதற்கு மிக அருகிலோ நின்று எடுத்திருக்கிறீர்கள். எக்ஸ்போஷர், ஃபில்டர் எல்லாம் அதற்குப் பிறகு வரும் விஷயங்கள். அதனால் முதலில் நிற்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு மேகம் வளரும் விதம் தெரிந்திருக்க வேண்டும். அரிசோனாவின் மழைப்பருவத்தில் பெரும்பகுதி நம் ஆடி, ஆவணியோடு ஒத்துப்போகிறது. அங்குள்ள தேசிய வானிலைச் சேவை 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை என்று தேதியை வைத்தே பருவத்தைக் கணக்கிடுகிறது. பருவத்தில் ஒரு நாள் பெரும்பாலும் இப்படிப் போகும். காலை வெயிலில் மலைச்சரிவுகள் சமவெளியைவிடச் சீக்கிரம் தம்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. முற்பகல் 11 மணிவாக்கில் மொகல்லான் ரிம் எனும் நீண்ட மலைவிளிம்பு, சூப்பர்ஸ்டிஷன் மலைகள் இவற்றின் தலைமேல் சிறு வெண்மேகங்கள் முளைக்கும். பகல் ஒன்று, இரண்டு மணிக்கு அவை பூக்கோசு போலக் கொத்துக் கொத்தாக மேலேறும். உச்சி 12 கி.மீ.க்கு மேல் போய் மேலே ஏற வழியில்லாமல் பக்கவாட்டில் பரவித் தட்டையான கூரையாகும்போது அது முழு இடிமேகம். மழை இறங்கத் தொடங்கியதும், அந்த மழையில் குளிர்ந்த கனமான காற்று தரையில் மோதி நாலாபுறமும் ஓடும். மேல்காற்று பெரும்பாலான நாட்களில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசுவதால் மலையில் பிறந்த மேகமும் அது தள்ளும் குளிர்காற்றும் மாலையில் பீனிக்ஸ் பள்ளத்தாக்கை நோக்கி வரும். நண்பகலில் கோபுர மேகம், பிற்பகலில் மழைக்கால் (மேகத்திலிருந்து தூண்போல இறங்கும் மழை), மாலையில் புழுதிச் சுவர், இரவில் மின்னல் என்று ஒரே நாளில் நாலு விதமான படம் கிடைக்கும். நாலையும் ஒரே இடத்தில் நின்று எடுக்க முடியாது.

இப்போது வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். ஜூலை நடுவில் பீனிக்ஸில் சூரியன் மறைவது 7:40 வாக்கில். மறையும் இடம் நேர்மேற்கு அல்ல, வடக்கே தள்ளி மேற்கு-வடமேற்கில். அதற்கு நேர் எதிர்த்திசை கிழக்கு-தென்கிழக்கு. மேகங்கள் வருவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆக, நீங்கள் மேகத்துக்கு மேற்கே இருந்தால், சாயும் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து மேகத்தின் முகத்தில் நேராக விழுகிறது. அடிப்பகுதி கருநீலமாகவும் உச்சி மஞ்சளாகவும், பிறகு செம்மையாகவும் மாறும். இப்பகுதியின் பெரிய வரம் இது. சாண்ட்லரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. கிழக்கே, அப்பாச்சி ஜங்ஷனை ஒட்டிய லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்கா இதற்கு நல்ல இடம். சூப்பர்ஸ்டிஷன் மலையின் மேற்கு முகம் சாயங்கால வெயிலில் சிவக்கும், அதற்குப் பின்னால் மேகம் கறுத்து நிற்கும், முன்னால் சகுவாரோ கள்ளிகள். மேகம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரைதான் இது பொருந்தும். மலையைத் தாண்டி உங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டால் வெயிலும் போய்விடும், வடிவமும் போய்விடும். கிளம்ப வேண்டிய நேரமும் அதுவே.

கோபுர மேகத்தின் கொத்துகள் முழுசாகத் தெரிய வேண்டுமானால் நேர் வெயிலைவிடப் பக்கவாட்டு வெயில் நல்லது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பக்கம் ஒளி, மறு பக்கம் நிழல் விழும்போதுதான் கண் அதன் பருமனை உணர்கிறது. பிற்பகல் நாலு முதல் ஆறு மணிவரை சூரியன் மேற்கே இருக்கையில் வடக்கு, வடகிழக்கு நோக்கி ரிம் பக்க மேகங்களை எடுத்தால் இந்தப் பக்கவெயில் கிடைக்கும். சூரியனுக்கு எதிராக, மேற்கு நோக்கி எடுப்பது மூன்றாவது வழி. மேகத்தின் விளிம்பு மட்டும் எரியும், உடல் கறுத்துப்போகும். கள்ளிகளை நிழலுருவமாக நிறுத்த இது பொருந்தும், மேகத்தின் உள்வடிவத்துக்குப் பொருந்தாது. நீங்கள் சொன்ன 'தட்டைச் சாம்பல்' இந்த மூன்றிலும் சேராத நாலாவது நிலை. மேகத்தின் கூரை சூரியனை மறைத்த பின் அதன் வயிற்றுக்குக் கீழே நிற்கிறீர்கள். ஒளி-நிழல் வேறுபாடு இல்லாத இடத்தில் வடிவமும் இராது, எந்தக் கேமராவாலும் அதை உண்டாக்க முடியாது.

எவ்வளவு தள்ளி நிற்பது என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. 12 கி.மீ. உயர மேகம் 30 கி.மீ. தொலைவில் இருந்தால், அடிவானத்திலிருந்து சுமார் 22 டிகிரி உயரம் எடுத்துக்கொள்ளும். ஃபுல்ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் 50 மி.மீ. லென்ஸின் செங்குத்துப் பார்வை 27 டிகிரி. அதாவது முழு மேகமும், கீழே ஒரு துண்டு பாலைவனமும் அளவெடுத்ததுபோல உட்காரும். அதே இடத்தில் 16 மி.மீ. போட்டால் பார்வை 74 டிகிரி. மேகம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிரப்பாது, மீதியெல்லாம் வெற்று வானமும் வெற்றுத் தரையும். மேகம் 80 கி.மீ. தள்ளி இருந்தால் அது எட்டரை டிகிரிதான், அங்கே 135 மி.மீ. வேண்டும். பாலைவனத்தில் காற்று தெளிவாக இருந்தால் அவ்வளவு தூரத்து மேகமும் முழுசாகத் தெரியும் என்பதால் இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. மழைக்கால் ஊன்றி நிற்கும் தனி மேகத்தை 70-200 மி.மீ. லென்ஸில், 30 முதல் 60 கி.மீ. தள்ளி நின்று எடுப்பதே இந்தப் பகுதிக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் முறை. 16 மி.மீ.க்கு வேலை வருவது மேகம் 10 கி.மீ.க்குள் வந்து, முன்விளிம்பில் அலமாரிப் பலகைபோல நீண்ட 'ஷெல்ஃப்' மேகம் அடிவானம் முழுக்கப் படரும்போது. அப்போது நீங்கள் மின்னலின் எட்டலுக்குள் இருப்பீர்கள், காருக்குள் இருந்தே எடுங்கள். கிராப் சென்சார் (ஃபுல்ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவாக இருந்தால் இங்கே சொன்ன லென்ஸ் அளவுகளை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வானத்தில் இருந்து சாம்பல் திரைபோல இறங்கித் தரையைத் தொடாமலே கரைந்துபோகும் மழையைப் பார்த்திருப்பீர்கள். விர்கா என்பார்கள். அங்கே மேகத்தின் அடி தரையிலிருந்து மிக உயரத்தில் இருப்பதாலும், நடுவிலுள்ள காற்று வறண்டிருப்பதாலும் துளிகள் வழியிலேயே ஆவியாகின்றன. துளி ஆவியாகும் இடத்துக் காற்று குளிர்ந்து கனத்துக் கீழே விழுகிறது. மழையே இல்லாத இடத்தில் திடீரென்று சூறைக்காற்று அடிப்பது இதனால்தான். படத்துக்கு விர்கா மிக அழகு, ஆனால் அதற்கு நேர் கீழே ட்ரைபாட் போட வேண்டாம்.

எக்ஸ்போஷருக்கு வருவோம். வெயில் படும் மேக உச்சிக்கும் நிழலில் கிடக்கும் பாலைவனத் தரைக்கும் இடையே ஐந்தாறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) வித்தியாசம் வந்துவிடும். கேமராவைத் தானியங்கியில் விட்டால், தரை அதிகமாக இருக்கும் சட்டத்தில் தரையைப் பார்த்து ஒளியைக் கூட்டும், மேக உச்சி வெளுத்துப்போகும். வானம் அதிகமாக இருந்தால் தரை கரியாகும். நீங்கள் சொன்ன இருண்ட தரை இங்கிருந்தே வருகிறது. மேனுவலுக்கு மாறுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8. ஸ்பாட் மீட்டரை (சட்டத்தின் ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளப்பது) மேகத்தின் மிகப் பிரகாசமான பகுதியில் வைத்து, அளவுகோல் ஒன்றேமுக்கால் முதல் இரண்டு ஸ்டாப் கூடுதல் காட்டும்படி ஷட்டரை வையுங்கள். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம்வரை ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வலது ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், சுவரில் ஏறக் கூடாது. ரா கோப்பாகத்தான் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் அதன் ஜேபெக் உருவத்திலிருந்து வருவது என்பதால், பட பாணியை 'நியூட்ரல்' ஆக வைத்தால் அது ரா கோப்புக்கு நெருக்கமாகக் காட்டும்.

வெயில் இல்லாத கருமேகத்துக்கு இதே அளவு செல்லாது. மூட்டமான மேகத்தின் அடிவயிற்றில் வெளிச்ச வேறுபாடு மிகக் குறைவு, எல்லாம் ஒன்றிரண்டு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும். அங்கே கண்ணுக்குத் தெரிவதைவிட முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை வெளிச்சமாக எடுத்து, பிறகு கணினியில் இருட்டுவது நல்லது. இருட்டாக எடுத்து வெளிச்சமாக்கினால் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். கருமேகத்தைக் கறுப்பாகத்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றும், அந்த உந்துதலுக்கு இடம் கொடுக்காதீர்கள். வெளிச்ச வேறுபாடு அதிகமான காட்சியில் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணைக்கலாம். ஆனால் புயல் காற்றில் கிரியோசோட் புதரும் ஒகோட்டியோ எனும் நெடுங்குச்சிச் செடியும் ஆடிக்கொண்டே இருக்கும், இணைத்த படத்தில் அவை பேயுருவமாகத் தெரியும். சகுவாரோ பெரும்பாலும் அசையாது. புதர் இருக்கும் முன்னணிக்கு 1/125 அல்லது அதைவிட வேகமான ஒரே படம்தான் நம்பகமானது.

முன்னணியில் சகுவாரோ வைப்பவர்களுக்கு எளிதில் நினைவில் நிற்கும் ஒரு விகிதம் உண்டு. ஃபுல்ஃபிரேம் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து 24 மி.மீ.யில் எடுத்தால், பொருள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறதோ, அந்த இடத்தில் சட்டத்தின் உயரமும் அத்தனை மீட்டர். ஆறு மீட்டர்க் கள்ளி சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வர வேண்டுமானால் 18 மீட்டர் தள்ளி நில்லுங்கள். 48 மி.மீ. என்றால் தூரம் இரட்டிப்பு. கள்ளியின் தலை மலைவரிசையில் முட்டாமல் வானத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், முட்டினால் கேமராவை ஒரு அடி இறக்கினாலே பல நேரம் சரியாகிவிடும். அடிவானத்தைச் சட்டத்தின் கீழ் ஐந்தில் ஒரு பங்கில் வைக்கத் தயங்காதீர்கள், படமே மேகத்தைப் பற்றியது. ஃபோகஸைக் கள்ளியில் வைத்து எஃப்/8 போட்டால் 24 மி.மீ.யில் பின்னால் மேகம்வரை கூர்மையாக இருக்கும். எஃப்/16க்குப் போனால் கூர்மை குறைவதோடு சென்சாரில் உள்ள தூசியும் வானத்தில் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். டெலிலென்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு: சூடான தரைமேல் கானல் அலை. மேகம் கூர்மையாகவும் அடிவானம் குழம்பியும் வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். குளிர்காற்று வந்து தரை ஆறிய பத்து நிமிடத்தில் அது குறைந்துவிடும். பாதை விட்டு இறங்கினால் சோயா (cholla) எனும் முட்கள்ளியின் துண்டு காலில் ஒட்டும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும், ஒரு சீப்பை இடையில் விட்டுத் தட்டிவிடுவதுதான் வழி. அந்தி சாய்ந்த பின் விரியன் பாம்புகள் வெளியே வரும். கணுக்கால் மூடிய ஷூவும் டார்ச்சும் கட்டாயம்.

ஃபில்டர் பற்றிக் கேட்டீர்கள். போலரைசர் எனும் சுழற்றும் ஃபில்டர் சூரியனுக்கு 90 டிகிரியில் உள்ள நீலவானத்தைத்தான் இருட்டும், நிழலிலுள்ள சாம்பல் மேகத்தில் பெரிதாக எதுவும் செய்யாது. 16 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானத்தின் ஒரு பட்டை மட்டும் கருத்து அசிங்கமாகும். நீல இடைவெளியோடு கோபுர மேகங்கள் நிற்கும் பிற்பகலில், 35 மி.மீ.க்கு மேல், அது நன்றாக வேலை செய்யும். கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் இருண்டது) வாங்குவதானால் இரண்டு அல்லது மூன்று ஸ்டாப், மென்மையான விளிம்புள்ளது. இன்றைய சென்சார்களுக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. அடிவானத்தில் மலை துருத்தும் இடங்களில் மலையுச்சியும் சேர்ந்து இருண்டுவிடும். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பாலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் 5200 கெல்வின் அருகில் நிறுத்துங்கள். ஆட்டோ, புழுதியின் செம்மையைத் 'திருத்தி' சாம்பலாக்கிவிடும்.

மின்னலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் அதைப் பிடிக்க மின்னல் ட்ரிகர் கருவி விற்கிறார்கள். அது ஒளியைக் கண்டதும் ஷட்டரை இயக்கும், ஆனால் கேமராவுக்கே திறக்க 0.05 முதல் 0.1 வினாடி ஆகும். ஒரு மின்னல் என்பது ஒரே அடி இல்லை. அதே தடத்தில் வழக்கமாக மூன்று நாலு அடிகள், மொத்தம் கால் வினாடிபோல. ட்ரிகர் பெரும்பாலும் பிடிப்பது இரண்டாவது, மூன்றாவது அடியை. கிளை கிளையாகப் பிரியும் கொடி மின்னல் முதல் அடியில்தான் தெரியும், பின்வரும் அடிகள் நடுத்தண்டை மட்டும் மறுபடி ஒளிர வைக்கும். ட்ரிகர் வைத்தும் வெறும் கோடாக வருகிறதே என்று பலர் குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கொடி வேண்டுமானால் மின்னலுக்கு முன்பே ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் குறைய வேண்டும். சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8இல் அரை வினாடி முதல் இரண்டு வினாடிவரை கிடைக்கும். ட்ரைபாட், ரிமோட் பூட்டு, தொடர் ஷாட் வைத்து ஓடவிடுங்கள். நன்றாக இருட்டிய பின் பீனிக்ஸ் விளக்கொளி இருக்கும் இடத்தில் 8 முதல் 15 வினாடி, நகரத்தை விட்டு விலகினால் 30 வினாடி. மின்னல் ஒரு கணமே எரிவதால் அதன் பிரகாசத்தை அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான் தீர்மானிக்கும், ஷட்டர் நேரம் பின்னணியை மட்டுமே மாற்றும். 10-15 கி.மீ. மின்னலுக்கு ஐஎஸ்ஓ 100இல் எஃப்/8, 30 கி.மீ.க்கு அப்பால் ஐஎஸ்ஓ 200 அல்லது 400இல் எஃப்/5.6 என்று தொடங்குங்கள். நடுவில் மழை இருந்தால் ஒளி வெகுவாகக் குறையும், ஆகவே இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. தூரத்து விளக்கொன்றை லைவ்வியூவில் பெரிதாக்கி மேனுவல் ஃபோகஸ் செய்து டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸின் அசைவுத் தடுப்பை அணையுங்கள். 'நீள எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கம்' என்பதைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நேரம் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு படம் எடுக்கும், மின்னல்களில் பாதி அப்போது போய்விடும்.

பாதுகாப்பு விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒளிக்கும் இடிக்கும் இடைவெளி மூன்று வினாடிக்கு ஒரு கி.மீ. 30 வினாடி என்றால் 10 கி.மீ. மழை பெய்யும் இடத்துக்கு 15 கி.மீ. வெளியேகூட மின்னல் இறங்கும். இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எட்டலில் இருக்கிறீர்கள், உலோகக் கூரையுள்ள காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். கேமரா வெளியே தானாக ஓடட்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். திறந்தவெளியில் கள்ளிக்கு அடியில் ஒதுங்குவது எந்தப் பாதுகாப்பும் தராது. வறண்ட ஓடைகளில் கார் நிறுத்தாதீர்கள். உங்கள் தலைமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மலையில் பெய்த மழை காட்டாறாக வந்து இறங்கும். தடுப்பு வைத்த வெள்ளச் சாலையில் ஓட்டிச் சிக்கினால் மீட்புச் செலவாக 2,000 டாலர்வரை வசூலிக்கும் சட்டமே அரிசோனாவில் இருக்கிறது.

ஹபூப் எனும் புழுதிச் சுவர் சாண்ட்லருக்கு நேர் வழியில்தான் வரும். தெற்கே பினால் மாவட்டத்து வெற்று வயல்களிலும் பாலையிலும் குளிர்காற்று புழுதியைக் கிளப்பி வடமேற்கே தள்ளும். 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸை மூடியது சுமார் 160 கி.மீ. அகலமும் ஒன்றரை கி.மீ.க்கு மேல் உயரமும் கொண்டது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் சுவர் 30 கி.மீ. தொலைவில் தெரிந்தால் உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது, கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள். சுவரின் உயரம் புரிய வீடு, மின்கம்பம், சாலை விளக்கு ஏதாவது ஒன்று சட்டத்தில் வேண்டும். 35 மி.மீ.யில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஆறேழு படங்களைச் சட்டென்று எடுத்துப் பனோரமாவாக இணைக்கலாம். புழுதி நடுத்தர நிறம் என்பதால் மீட்டர் சொல்வதை நம்பலாம். லென்ஸ் மாற்றுவது கூடவே கூடாது, எந்த லென்ஸ் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். லென்ஸில் படிந்த மணலை முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகே துணியால் தொட வேண்டும், இல்லாவிட்டால் கோட்டிங் கீறும். அந்த மண்ணில் வேலி ஃபீவர் எனும் நுரையீரல் நோயைத் தரும் பூஞ்சை உண்டு, என்95 முகக்கவசம் பையில் இருக்கட்டும். சாலையில் மாட்டிக்கொண்டால் தார்ச்சாலையை விட்டு முழுசாக இறங்கி நிறுத்தி, அபாய விளக்கு உட்பட எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பி வந்து மோதாமல் இருக்கவே இந்த விதி. ஐ-10 நெடுஞ்சாலையில் எலாய்க்கும் பிக்காச்சோவுக்கும் இடையே புழுதியை உணர்ந்து வேக வரம்பைத் தானே குறைக்கும் கருவிகளே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு மோசமான இடம் அது.

வானவில் பற்றிச் சுருக்கமாக: சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின்தான் சமவெளியில் நிற்பவருக்கு அது தெரியும். முழு வில்லும் 84 டிகிரி அகலம், உங்கள் 16-35 லென்ஸின் 18 மி.மீ. அதற்குப் போதும். போலரைசரைத் தவறான கோணத்தில் திருப்பினால் வில்லே மறைந்துபோகும்.

எந்த நாளில் கிளம்புவது? பருவத்துக்குத் தேதி வைப்பதற்கு முன்பு, பீனிக்ஸில் தொடர்ந்து மூன்று நாள் சராசரிப் பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 55 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் பருவம் வந்ததாகக் கொண்டார்கள். காற்றில் ஈரம் போதுமா என்று பார்க்க அந்தப் பழைய அளவுகோல் இன்றும் உதவும். பனிநிலை 40களில் இருந்தால் மலையில் மட்டும் மேகம், விர்கா, வறட்டுக் காற்று. 60ஐத் தாண்டினால் மழை வலுக்கும், ஆனால் காற்று மங்கலாகி, தூரத்து மேகம் மூட்டத்தில் மறையும். படத்துக்கு என் விருப்பம் 50களின் நடுப்பகுதி. காலையில் வானிலைச் சேவையின் முன்னறிவிப்பு விளக்க உரையைப் படியுங்கள். சின்னப் படக்குறிகளைவிட அதில் விஷயம் அதிகம். அரிசோனா பல்கலைக்கழகம் இந்தப் பகுதிக்கென்றே ஓட்டும் வானிலை மாதிரியும் உதவும். பிற்பகலில் செயற்கைக்கோள் படத்தில் எந்த மலைமேல் முதலில் கோபுரம் எழுகிறது என்று பார்த்து, அதற்கு மேற்கே ஓர் இடத்தைத் தேருங்கள். ரேடார் படம் நாலைந்து நிமிடம் பழையதாகவே இருக்கும், அதற்குள் மேகம் சில கி.மீ. நகர்ந்திருக்கும். காலையில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஈரம் இருக்கிறதா, மேல்காற்று எந்தத் திசை என்பவைதான். எந்த மேகம் நிலைக்கும், குளிர்காற்று பள்ளத்தாக்கில் புது மேகத்தைக் கிளப்புமா என்பது மாலை ஐந்து மணிக்குக்கூட யாருக்கும் நிச்சயமில்லை. 2020 பருவம் ஏறத்தாழ பொய்த்தே போனது. அடுத்த ஆண்டு ஜூலை டூசான் நகரப் பதிவிலேயே அதிக மழை பெய்த மாதமானது. ஓர் ஆண்டு அமையாவிட்டால் உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள்.

கணினியில் செய்ய வேண்டியது குறைவே. முதலில் பிரகாசப் பகுதிகளை இறக்கி மேக உச்சியின் விவரத்தை மீட்டெடுங்கள். பிறகு வானத்தை மட்டும் தேர்ந்து, டீஹேஸை (மூட்டம் நீக்கும் அமைப்பு) 10 முதல் 20க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும், மழைக்கால் கரிக்கோடாகும், நீலம் ஊதாவாகும். மேகத்தின் உள்வடிவத்தை எழுப்ப, ஏற்கெனவே வெளிச்சமான கொத்துகளைத் தூரிகையால் கால் ஸ்டாப் கூட்டி, நிழல் மடிப்புகளைக் கால் ஸ்டாப் குறையுங்கள். முழு வானத்துக்கும் கான்ட்ராஸ்ட் ஏற்றுவதைவிட இது இயற்கையாக நிற்கும். தரையை ஒரு ஸ்டாப்புக்கு மேல் தூக்க வேண்டாம். மேகநிழலில் கிடக்கும் பாலை இருட்டாகத்தான் இருக்கும், அந்த இருட்டுதான் மேல்வானத்துக்குக் கனம் கொடுக்கிறது. நிறம் கைகொடுக்காத மூட்டப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, நீலத்தைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டிப் பாருங்கள்.

ஆக, புதுக் கேமரா தேவையில்லை. பணம் செலவழிப்பதானால் பழைய 70-200 எஃப்/4 ஒன்று, காற்றில் சாயாத கனமான ட்ரைபாட், அதன் நடுவில் தொங்கவிட ஒரு பை, கம்பி ரிமோட். தொடங்கும்போது லாஸ்ட் டச்மேன் பூங்காவுக்கு மாலை ஐந்தரைக்குப் போய், மேகம் மலைக்குப் பின்னால் இருக்கும் நாளில் 50 முதல் 100 மி.மீ.க்குள் எடுத்துப் பாருங்கள். ஹிஸ்டோகிராமோடு ஒரு படத்தைப் பகிர்ந்தால் எக்ஸ்போஷரில் மிச்சமிருக்கும் குறையைச் சொல்ல முடியும்.